சுவாவிலிருந்து வராத அட்டை

1

செப்டம்பர் போய்விட்டது. சுவாவிலிருந்து அட்டை வரவில்லை.

நான்கு வருடமாகத் தவறாமல் வந்தது. ஃபிஜித் தீவின் தபால்தலை ஒட்டிய சின்ன அட்டை, எட்டுப் பத்து வரி குஜராத்தி, அடியில் மணிபென் என்ற பெயர். எனக்குக் குஜராத்தி படிக்க வராது. பேசவும் வராது. யாராவது பேசினால் முழிப்பேன். ஆனால் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியின் கோப்பில் இன்றைக்கும் நான் குஜராத்தி மொழிபெயர்ப்பாளன். அந்தக் கூத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். மதுரையில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பதானால் முதல் பாதியிலேயே சிரித்துவிடுங்கள்.

இந்த ஊரில் தபால்காரர்கள் நினைத்தால் வேலைநிறுத்தம் செய்வார்கள். அதனால் தாமதமாகியிருக்கும் என்று பதினைந்து நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். மின்சார பில் வந்தது. பல் டாக்டரிடமிருந்து நினைவூட்டல் வந்தது. அட்டை மட்டும் வரவில்லை.

2

நான் மதுரை சௌராஷ்டிரன். எங்கள் முன்னோர் பட்டு நெய்தபடியே குஜராத்துப் பக்கமிருந்து புறப்பட்டு, ஊர் ஊராகத் தங்கி, மகாலைச் சுற்றிக் குடியேறிப் பல நூறு வருடம் ஆகிறது. வந்த வழியில் தெலுங்கு ஒட்டிக்கொண்டது, கன்னடம் ஒட்டிக்கொண்டது, கடைசியில் தமிழும் கலந்தது. வீட்டுக்குள் பேச அந்தக் கலவை மொழி, சௌராஷ்டிரா. பள்ளிக்கூடம், கடிதம், சண்டை, சினிமா எல்லாம் தமிழ். நான் இங்கே ஓர் இரும்புத் தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறவன். சிட்னியில் ஆபர்ன் பக்கத்தில் வீடு. மனைவி சரோஜா. ஒரே மகள் மாலதி.

இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் படிவம் உண்டு. மாலதிக்குத் தொண்டைச் சதை எடுக்க ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, 'வீட்டில் பேசும் மொழிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. தமிழ் என்று எழுதிவிட்டு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஒழுங்காக நிரப்பவேண்டும் என்ற வியாதி ஆயிற்றே. தமிழ், சௌராஷ்டிரா என்று இரண்டையும் எழுதினேன். சமூகநல அலுவலர் மிஸ் ஹெலன் அதைப் படித்துவிட்டு, "இதை எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அவர் அதை மறக்கவில்லை என்பது எழுபத்து மூன்றாம் வருடம் ஜூன் மாதம் தெரிந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. அடுத்து வரும் திங்கள் மகாராணி பிறந்தநாள் விடுமுறை. ஆளாளுக்கு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில் அலுவலகத்துக்கு மிஸ் ஹெலனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ஒரு வயதான அம்மாள் விமான நிலையப் படியில் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டிருக்கிறார். இந்தியாவிலிருந்து ஃபிஜிக்கு மகன் வீட்டுக்குப் போகிறவர். ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லை. அவருடைய பெட்டியில் ஜாம்நகர், சௌராஷ்டிரா என்று எழுதியிருக்கிறது. உங்கள் மொழிக்காரர்தானே?"

"இல்லை. அவர் பேசுவது குஜராத்தியாக இருக்கும். எங்களுடையது வேறு" என்றேன்.

"ஆனால் ஒரே ஊர்தானே?"

"பல நூறு வருடத்துக்கு முன்னால்."

மிஸ் ஹெலன், "எங்களுக்கு வேறு யாரும் இல்லை" என்றார். இத்தாலிய மொழிக்கு ஆள் இருந்தது, கிரேக்கத்துக்கு ஆள் இருந்தது. இந்தியத் தூதரக அலுவலகம் செவ்வாய்க்கிழமை வரை மூடியிருந்தது. ஃபிஜிக்குத் தந்தி போயிருந்தது. மகனுக்கு விசா கிடைக்கவேண்டும். அதைக் கொடுக்கிற அலுவலகத்துக்கும் மகாராணி பிறந்தநாள்.

வருகிறேன் என்றேன். பாவம் ஒரு கிழவி என்ற இரக்கம் பாதி. மீதி என்ன என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இந்த ஊருக்கு வந்த இரண்டு வருடத்தில் என்னை அவசரமாகத் தேடி யாரும் கூப்பிட்டதே இல்லை.

3

நான் போனபோது மணி ஐந்தரை. ஜூன் மாதம் இங்கே குளிர்காலம். ஐந்து மணிக்கு முன்னாலேயே சூரியன் போய், வெளியில் விளக்கு எரியும்.

கட்டிலில் மணிபென், சின்ன உருவம். வெள்ளைப் புடவையை அவிழ்க்க விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஆஸ்பத்திரிச் சட்டைக்கு மேல் அதைப் போர்த்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இந்திய முகம் ஒன்றைப் பார்த்த சந்தோஷம்.

"ஆவோ, ஆவோ" என்றார்.

எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் அம்மா சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான். சிட்னி ஆஸ்பத்திரியில் அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் எங்கள் மொழியில் இரண்டு வாக்கியம் பேசினேன். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, குஜராத்தியில் மடமடவென்று கொட்டினார். வீடு, தண்ணீர் என்று அங்கே ஒன்று இங்கே ஒன்று பிடிபட்டது. மற்றதெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போல இருந்தது. இந்தியில் முயன்று பார்த்தார். மாணவனாக இருந்தபோது இந்தி வேண்டாம் என்று மதுரைத் தெருக்களில் தொண்டை கிழியக் கத்தியவன் நான். அதிலும் எனக்கு வழியில்லை.

அந்த நேரத்தில் சாப்பாட்டுத் தட்டு வந்தது. சூப், ரொட்டி, பால், ஒரு கோப்பை தண்ணீர். மணிபென் கைகூப்பி வேண்டாம் என்றார். சிஸ்டர் தண்ணீரையாவது குடிக்கட்டும் என்று வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். உதட்டை இறுக மூடிக்கொண்டு, ஜன்னலை நோக்கிக் கையை நீட்டி ஏதோ சொன்னார். வானத்தைக் காட்டினார். பிறகு கண்ணை மூடி ஜெபம் போல முணுமுணுத்தார்.

"வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. என்ன சொல்கிறார்?" என்று சிஸ்டர் கேட்டார்.

எனக்குப் புரிந்துவிட்டது. மொழிதான் புரியவில்லையே தவிர, இது புரியாமல் போகுமா? நான் பிறந்த வீட்டில் ஏகாதசிக்கு அம்மா பச்சைத் தண்ணீர் பல்லில் பட விடமாட்டாள். ஆறு வயதில் ஒரு தடவை அவள் துவண்டு படுத்திருப்பதைப் பார்க்கமுடியாமல் மோர் எடுத்துக்கொண்டு போனேன். அப்பா வந்து டம்ளரைப் பிடுங்கி, "அம்மா விரதத்தைக் கெடுக்கப் பாக்குறியா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். அந்த அடியோடு நான் படித்த பாடம் அது.

"இவர் விரதம் இருக்கிறார். கடவுளுக்கு நேர்ந்துகொண்டது. எலும்பு ஒட்டவேண்டும் என்று இருக்கலாம். தயவுசெய்து கட்டாயப்படுத்தாதீர்கள்" என்றேன்.

"எத்தனை நாள்?"

"அவராக முடிக்கும் வரை."

சிஸ்டர் நல்லவர். மற்றவர் மதத்தை மதிக்கவேண்டும் என்று அப்போதுதான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக் கோப்பில் எழுதிக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். 'மத விரதம். உணவு அளிக்க வேண்டாம். தகவல்: மொழிபெயர்ப்பாளர்.' பக்கத்தில் என் பெயர். கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாகத் திரவம் ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்குப் போகும் ரயிலில் எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

4

சனிக்கிழமை ஓவர்டைம் முடிந்து இருட்டிய பிறகு போனேன். பக்கத்துக் கட்டிலுக்குத் தட்டு வந்தது. மணிபென் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆக, நான் சொன்னது சரிதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சரோஜாவையும் மாலதியையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று மணி இருக்கும். ஜன்னலில் நல்ல வெயில். பகல் நர்ஸ் சின்னப் பெண். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "உங்களிடம் சொல்லவேண்டும். காலையில் அடுத்த கட்டில் பாலைக் காட்டிக் கேட்டார். இல்லை செல்லம், நீ விரதம் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. சரிதானே?" என்றாள்.

"சரிதான். ஆசை வரத்தான் செய்யும்" என்றேன்.

இந்தப் பதிலைச் சொன்ன வாயை என்ன செய்வது?

மணிபென் இரண்டு நாளில் பாதியாகியிருந்தார். 'ஆவோ' என்று சொன்னது உதட்டில்தான் தெரிந்தது. மாலதியைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினார். நான் சிஸ்டரிடம் பேசத் திரும்பினேன். அந்த நேரத்தில் ஏழு வயதுப் பெண் தன் கோட்டுப் பையிலிருந்து ஒரு பால் பிஸ்கட்டை எடுத்து அவரிடம் கொடுத்திருக்கிறாள். நான் திரும்பிப் பார்க்கும்போது மணிபென் அதை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். ஒரு கடி கடித்தும்விட்டார்.

நான் போய் அந்தக் கையிலிருந்து பிஸ்கட்டை எடுத்தேன்.

மரியாதையாகத்தான் எடுத்தேன். "வேண்டாம்மா, உங்க விரதம்" என்று எங்கள் மொழியில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு வெறும் கையைப் பார்த்தார். எதிர்க்கவில்லை. இந்த ஊரில் இதுதான் வழக்கம் போல என்று நினைத்தாரோ என்னவோ.

"டாடி, அவங்களுக்குப் பசிக்குது" என்றாள் மாலதி.

"உனக்கு என்ன தெரியும்?" என்று அவள் கையில் அடித்தேன். பலமாக இல்லை. ஆனால் அடித்தேன். அவள் அழாமல் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

சரோஜா வெளியே வந்ததும், "ஏங்க, நிஜமாவே விரதம்தானா? நல்லாத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"தெரியாமலா சொல்வேன்?" என்றேன்.

5

திங்கட்கிழமை செய்வதாக இருந்த அறுவையைத் தள்ளிவைத்தார்கள். உடம்பு தாங்காது என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு ஓடினேன். கட்டில் பக்கத்தில் சூட்கேஸோடு ஒருவர் உட்கார்ந்து ஸ்பூனால் பால் ஊட்டிக்கொண்டிருந்தார். மணிபென் குடித்துக்கொண்டிருந்தார். ரொட்டியைப் பாலில் நனைத்துக் கொடுத்தார், சாப்பிட்டார். மகன் ரஸிக்பாய், அப்போதுதான் விமானத்திலிருந்து வந்திருந்தார். சுவாவில் துணிக்கடை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் நன்றி நன்றி என்றார்.

"விரதம் முடிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"என்ன விரதம்?" என்றார்.

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அடுத்த துண்டு ரொட்டியை நனைத்தபடி சொன்னார். "நாங்க ஜைனர்கள். சூரியன் மறைஞ்சா அம்மா தண்ணிகூடத் தொடமாட்டாங்க. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி. முட்டை, கறி, கிழங்கு வகை ஆகாது. மத்தபடி பகல்ல நல்லாச் சாப்பிடுவாங்க. இந்த ஆஸ்பத்திரிக்காரங்க ராத்திரி சாப்பாட்டை இருட்டறதுக்குள்ள, ஒரு மணி நேரம் முன்னாடி கொடுத்திருந்தாப் போதும். யாருக்கும் தெரியலையா?"

வெள்ளிக்கிழமை அவர் ஜன்னலில் காட்டியது வானத்தை அல்ல. இருட்டை.

ரஸிக்பாய் எழுந்து சிஸ்டரிடம் போனார். மெல்லிய குரலில், ஆனால் கடுமையாகப் பேசினார். நாலு நாள் ஒரு கிழவியைப் பட்டினி போட்டிருக்கிறீர்களே, பகலில் ஒருவருக்குமா கொடுக்கத் தோன்றவில்லை என்றார். சிஸ்டர் கையில் அந்தக் கோப்பு இருந்தது. அவர் என்னை ஒரு முறை பார்த்தார். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

நான் சொல்லவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிஸ்டர், "தவறு எங்களுடையது. மன்னிக்கவேண்டும்" என்றார். ரஸிக்பாய் திரும்பி வந்து என் தோளில் கை போட்டு, "நீங்க ஒருத்தராவது அம்மா பக்கத்தில் இருந்தீங்களே" என்றார்.

6

வியாழக்கிழமை அறுவை நடந்தது. ஒரு மாதம் கழித்துப் படுத்தபடியே சுவாவுக்குப் போனார். அதற்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கவில்லை. முதலிலேயே செய்திருந்தால் கால் நேராகியிருக்குமா என்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "ஆகியிருக்கலாம், ஆகாமலும் இருந்திருக்கலாம்" என்றார். இந்தப் பதிலோடு ஒரு மனுஷன் எப்படிக் குடித்தனம் நடத்துவது?

செப்டம்பரில் முதல் அட்டை வந்தது. கென்ஸிங்டனில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நிகில் என்ற பரோடாப் பையனைத் தேடிப்பிடித்து எடுத்துக்கொண்டு போனேன். குஜராத்தி எழுத்தை அன்றுதான் உன்னிப்பாகப் பார்த்தேன். இந்தி எழுத்து போலவே வளைந்து நெளிந்து, ஆனால் தலைக்கு மேல் அந்தக் கோடு இல்லாமல், கொடியிலிருந்து கழற்றிப் போட்ட துணி மாதிரி இருந்தது. நிகில் சிரித்தபடி படித்தான்.

"இது வருஷா வருஷம் எழுதறது அங்கிள். ஜைனர்கள் அவங்க பண்டிகை முடிவில் தெரிஞ்சவங்க எல்லாருக்கும் எழுதுவாங்க. தெரிஞ்சோ தெரியாமலோ, மனசால, பேச்சால, உடம்பால உங்களைப் புண்படுத்தியிருந்தா மன்னிச்சிடுங்கன்னு. எங்க தெருவில் ஜைனர் வீட்டுப் பிள்ளைங்க அன்னிக்கு எங்க வாசலுக்கு வந்து சொல்லும்."

"என்கிட்டயா மன்னிப்புக் கேக்குறாங்க?"

"ஆமா. உங்களுக்கு ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன்னு கூட ஒரு வரி எழுதியிருக்காங்க."

குஜராத்தி என்றால் வியாபாரம், கல்லாப்பெட்டி என்றே மதுரைப் பஞ்சுக்கடைகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு நினைப்பு. நிகில் வாய்விட்டுப் பாடிக்காட்டிய பழைய பக்திப் பாட்டுகளைக் கேட்டேன். பொருள் கேட்டால் பாதி வரிகள், நான் தாழ்ந்தவன், பிழை செய்தவன் என்றே போகின்றன. மன்னிப்புக் கேட்க ஒரு நாளையே ஒதுக்கி, அட்டை அச்சடித்து, தபால்தலை ஒட்டி அனுப்புகிற மனிதர்கள். பதிலுக்கு நானும் கேட்கவேண்டும், அதுதான் முறை என்றான் நிகில். அடுத்த வருடம் எழுதலாம் என்றேன். அப்படியே நான்கு அட்டை வந்துவிட்டது.

இந்த வருடம் ஜூன் மாதம் நிகில் படிப்பை முடித்து ஊருக்குக் கிளம்பினான். இனி எனக்கு எழுதித்தர ஆளில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் போய் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னேன், அவன் குஜராத்தியில் எழுதினான். விரதம் என்று சொன்னது நான். பால் கொடுக்காதது சரி என்றது நான். மகன் சிஸ்டரைத் திட்டியபோது வாயை மூடிக்கொண்டிருந்தது நான். பிஸ்கட் விஷயம் வந்தபோது பேனா நின்றது.

"இதையும் எழுதணுமா அங்கிள்?"

"எழுதுப்பா."

இரண்டு பக்கம் ஆயிற்று. எந்த வரியில் பிஸ்கட் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அடியில் தமிழில் கையெழுத்துப் போட்டு நானே தபால் பெட்டியில் போட்டேன்.

கடித விஷயத்தைக் கேட்டுவிட்டு சரோஜா வெங்காயத்தை நறுக்கியபடியே சொன்னாள். "நாலு வருஷமா நல்ல மனுஷன் ஒருத்தர் சிட்னியில் இருக்கார்னு நெனச்சு அந்தம்மா நிம்மதியா இருந்தாங்க. இப்ப அதையும் பிடுங்கிட்டீங்க. இது அவங்களுக்காக எழுதினதா, உங்களுக்காகவா?"

வெங்காயத் தோலை அள்ளிக் குப்பையில் போட்டேன்.

7

ஆக, இப்போது அட்டை வரவில்லை. ரஸிக்பாய் கடிதத்தை அம்மாவிடம் காட்டாமலே கிழித்துப்போட்டிருக்கலாம். அல்லது மணிபென் அதைப் படித்துவிட்டு, அட்டை அனுப்பும் பட்டியலில் முதல் முறையாக ஒருவன் பெயரை அடித்திருக்கலாம். அல்லது அவரே இல்லாமல் போயிருக்கலாம். தொலைபேசி எண் இல்லை. இன்னொரு கடிதம் எழுத நிகில் இல்லை. ஆங்கிலத்தில் மகனுக்கு எழுதலாம்தான். இரண்டு முறை உட்கார்ந்தேன், 'அன்புள்ள ரஸிக்பாய்' என்பதைத் தாண்டவில்லை.

நேற்றுச் சாயங்காலம் தபால் பெட்டியை மறுபடி துழாவிவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்தேன். மாலதி டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பதினொரு வயது ஆகிறது. நாங்கள் எங்கள் மொழியில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தமிழ் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நழுவிப் போய்விட்டது.

"அந்த பிஸ்கட் ஆன்ட்டி கார்டு வந்துதா?" என்று கேட்டாள்.

"இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் இல்லை."

"எதுக்கு மன்னிப்பு?"

சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு என்னையும் அடிச்சீங்க, டாட். அவங்களுக்குப் பசிக்குதுன்னு நான் சொன்னேன்."

நான்கு வருடம், நான்கு அட்டை, இரண்டு பக்கம் கடிதம். இத்தனையிலும் நான் அடித்த இந்தச் சின்னக் கை என் நினைவுக்கே வரவில்லை. ஒரே வீட்டில், தினமும் என் பக்கத்தில் சோறு பிசைகிற கை.

அவளிடம் எந்த மொழியில் கேட்பது? எங்கள் மொழியில் நான் சொல்வது அவளுக்குப் பாதிதான் போய்ச் சேரும். தமிழிலும் அப்படித்தான். அவளுடைய மொழியில் மன்னிப்புக்கு எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வார்த்தை. ரயிலில் தோள் இடித்தால் சொல்வது, கடையில் வரிசை தவறினால் சொல்வது, தினமும் இந்த ஊரில் முப்பது தரம் சொல்வது. வேறு வழியில்லாமல் அதைச் சொன்னேன்.

"ஸாரி, மாலதி."

"தட்ஸ் ஓகே" என்றாள், தோள் இடித்தவனுக்குச் சொல்வது போலவே. பிறகு எழுந்துபோய் டெலிவிஷன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.